மலையேறும் வேன் யாருக்குக் கிடைக்கிறது?

நான்கு சக்கரங்கள் இருப்பதாலேயே நான்கும் வண்டியை இழுக்கின்றன என்று பொருளாகாது. பெரும்பாலான வேன்களில் என்ஜினின் விசை முன்னிரு சக்கரங்களுக்கோ பின்னிரு சக்கரங்களுக்கோ மட்டுமே செல்கிறது. மற்ற இரண்டும் உடன் உருள்கின்றன. சமதளச் சாலைக்கு இது போதும். சேறு, பனி, செங்குத்தான ஏற்றம் ஆகியவற்றுக்குப் போதாது.

காரைவிட வேனுக்கு இச்சிக்கல் அதிகம். பின்சக்கர இயக்க வேன் காலியாகச் செல்லும்போது, பின்சக்கரங்களின்மீது போதிய பாரமின்றி அவை வழுக்கிச் சுழலும். முன்சக்கர இயக்க வேன் முழுச் சுமையோடு மேடேறும்போது பாரம் பின்னே சாய்வதால், முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். விசையை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிப்பதே இதற்குத் தீர்வு. விலை, எடை, எரிபொருள் செலவு ஆகியன உயர்வது அதற்கு நாம் கொடுக்கும் விலை. இந்த ஏற்பாடு வண்டி நகர உதவுமே தவிர, நிற்க உதவாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இத்தகைய வேன்களை ஆலையிலேயே தயாரித்து விற்கும் நிறுவனங்கள் பல உள்ளன. ஆனால், எந்த நாட்டில் எது கிடைக்கும் என்பதை நிலப்பரப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. வரியும் சட்டமும் வணிகக் கணக்கும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

கடும் பனி பொழியும் வட்டாரங்களைக் கொண்ட ஜப்பானில் இவை அன்றாடப் பொருள். மிட்சுபிஷி டெலிகாவின் நான்கு சக்கர இயக்க வகை 1982-இல் அங்கே வந்தது. டொயோட்டா ஹையேஸ் மட்டுமன்றி, சுசூகி எவ்ரி, டைஹாட்சு ஹைஜெட் போன்ற சிறிய வேன்களிலும் அவ்வசதி உண்டு. ஆனால், அதே ஹையேஸ் ஆஸ்திரேலியாவில் பின்சக்கர இயக்கத்துடன் மட்டுமே விற்கப்படுகிறது. தேவைப்படுவோர் தனியார் பட்டறைகளில் பெரும் பணம் செலவிட்டு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1985-இல் 'சிங்க்ரோ' வேனை அறிமுகம் செய்தது. ஆஸ்திரியாவின் ஸ்டெயர்-டைம்லர்-புக் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய அந்த வண்டியில், பின்சக்கரங்கள் வழுக்கினால் திரவம் நிரம்பிய ஓர் இணைப்பு தானாகவே முன்சக்கரங்களுக்கும் விசையை அனுப்பும்.

அமெரிக்காவின் கதை வேறு. அந்நாட்டுக் கோழி இறைச்சிக்கு மேற்கு ஐரோப்பிய நாடுகள் வரியை உயர்த்தின. அதற்குப் பதிலடியாக 1964 முதல் இறக்குமதியாகும் சிறு லாரிகளுக்கும் சரக்கு வேன்களுக்கும் அமெரிக்கா 25 சதவீத வரி விதித்தது. கோழிச் சண்டை ஓய்ந்த பின்னும் வரி நீடித்தது. ஸ்பிரிண்டர் வேன்களை ஜெர்மனியில் முழுமையாகத் தயாரித்து, பிறகு பகுதி பகுதியாகப் பிரித்து, அமெரிக்காவில் மீண்டும் பொருத்தி விற்கும் விந்தையும் இதனால் நிகழ்ந்தது. ஸ்பிரிண்டரின் நான்கு சக்கர இயக்க வகை ஐரோப்பாவில் பல ஆண்டுகள் புழங்கிய பிறகு, 2015 மாடலில்தான் அமெரிக்கர்களுக்குக் கிடைத்தது. ஃபோர்டு டிரான்சிட்டில் அவ்வசதி அங்கு வந்தது 2020 மாடலில். ஜப்பானின் பழைய டெலிகாவை விரும்புவோர், பாதுகாப்பு விதிகளில் விலக்குப் பெற அமெரிக்காவில் அதற்கு 25 வயது நிறையும்வரையும், கனடாவில் 15 வயது நிறையும்வரையும் காத்திருக்க வேண்டும்.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். 1984-இல் அறிமுகமாகி ஆம்னி என்று பெயர் பெற்ற மாருதி வேன், சுசூகியின் ஜப்பானிய வேன் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கு ஜப்பானில் கிடைத்த நான்கு சக்கர இயக்கம் ஆம்னிக்கும் கிடைக்கவில்லை. பின்னர் வந்த ஈகோவுக்கும் கிடைக்கவில்லை. டாடா விங்கர் முன்சக்கர இயக்கம் கொண்டது. ஃபோர்ஸ் டிராவலர் பின்சக்கர இயக்கத்துடனேயே பரவலாக ஓடுகிறது. ஜப்பானிலிருந்து பழைய வண்டியைத் தருவிக்கலாம் என்றால், மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இறக்குமதி விதி இடம் தருவதில்லை. சுங்க வரியும் கடுமையானது.

இதன் சுமையைத் தாங்குவோர் மலைக்கிராம மக்கள். தார்ச்சாலை முடியும் இடத்தோடு வேனும் நின்றுவிடுவதால், அதற்கு அப்பால் ஜீப்பே கதி. நான்கு சக்கர இயக்கம் இருப்பினும், நோயாளியைப் படுக்கவைத்துச் செவிலியர் அருகிலிருந்து சிகிச்சை அளிக்க அதில் இடம் போதாது. மாணவர்களும் மூட்டை முடிச்சுகளும் ஒன்றாக நெருக்கியடித்துச் செல்வதும் அதில்தான்.

'வாங்குவோர் குறைவு' என்பது நிறுவனங்களின் வழக்கமான பதில். விற்காத பொருளை யாரும் வாங்க முடியாது என்பதும் உண்மை. இந்த முடிச்சை அவிழ்க்கும் வலிமை அரசுக்கு உண்டு. மலைப்பகுதிகளுக்கான ஆம்புலன்ஸ், நடமாடும் மருத்துவமனை, பேரிடர் மீட்பு வாகனம் ஆகியவற்றுக்கான ஒப்பந்தப்புள்ளிகளில் நான்கு சக்கர இயக்கத்தைக் கட்டாயமாக்கினால், மாநிலங்கள் கூடி ஒரே தொகுப்பாகக் கொள்முதல் செய்தால், தயாரிப்பதற்கான காரணம் தானே பிறக்கும். தொழில்நுட்பம் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறது. அது மலையேற வேண்டும் என்ற முடிவுதான் இன்னும் எடுக்கப்படவில்லை.