உலோக அயனிகளும் பல்சார் எலும்பு மீளாக்கமும்: ‘மூன்றாம் தலைமுறை’க்கு முந்தைய ஒரு சோதனை

2002இல் ‘சயன்ஸ்’ இதழில் லாரி ஹெஞ்ச்சும் ஜூலியா போலாக்கும் எழுதிய கட்டுரை, உடலில் பொருத்தும் பொருள்களை மூன்று தலைமுறைகளாகப் பிரித்தது: உடலோடு வினைபுரியாதவை, திசுவோடு பிணைபவை அல்லது கரைந்து மறைபவை, மரபணுக்களைத் தூண்டுபவை. தாடை எலும்பு பற்றி எழுதுவோரும் பெரும்பாலும் இவ்வரிசையையே பின்பற்றுகின்றனர். இது பின்னாளில் அடுக்கிய வரிசை என்பது என் வாதம்.

ஹெஞ்ச் 45எஸ்5 கண்ணாடியை உருவாக்கியது 1969இல். பல்லைச் சுற்றிய எலும்புக் குழிகளை நிரப்ப, பெரியோகிளாஸ் என்ற பெயரில் அது 1993இல் பயன்பாட்டுக்கு வந்தது. கண்ணாடி கரைந்து வெளிவிடும் அயனிகள் எலும்புச் செல்களின் மரபணுக்களைத் தூண்டுகின்றன என்று ஹெஞ்ச்சின் குழு அறிவித்ததோ 2000, 2001ஆம் ஆண்டுகளில். பயன்பாடு முந்தியது, விளக்கம் பிந்தியது. மேலும், அங்கே சோதிக்கப்பட்டவை இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் அகற்றிய தொடையெலும்புத் தலையிலிருந்து எடுத்த எலும்பாக்கச் செல்கள், குருத்தணுக்கள் அல்ல. கரைசலில் கால்சியமும் சிலிக்கானும் கலந்தே இருந்தன (சிலிக்கான் உலோகமே அல்ல என்பது வேறு). எந்த அயனி எதைச் செய்தது என்று அத்தரவிலிருந்து பிரித்தறிய இயலாது.

பல் மருத்துவத்தின் கதை இதற்கு முந்தையது. 1920இல் ஹெர்மன் கால்சியம் ஹைட்ராக்சைடை அறிமுகப்படுத்தினார். திறந்த பற்கூழின்மேல் அதைப் பூசினால் அடியில் டென்டின் பாலம் உருவாகும். பசையிலுள்ள கால்சியமே பாலமாகிறது என எண்ணுவது இயல்பு. சியாக்கியும் பிசாந்தியும் 1960இல் நாய்ப் பற்களில் கதிரியக்கக் கால்சியம் கலந்த பசையைப் பூசிப் பார்த்தனர்; பாலத்தில் அது சேரவில்லை. 1964இல் சோதனையைத் தலைகீழாக்கினர். கதிரியக்கக் கால்சியத்தை இரத்த நாளத்தில் செலுத்தியபோது அது பாலத்தில் வந்து படிந்தது. ஆக, பசையின் கால்சியம் செங்கல் அல்ல. பிறகு அதன் வேலைதான் என்ன?

அயனியைச் செய்தியாகக் கருதும் கேள்வி இங்கேயே எழுந்துவிட்டது என்பேன். பசையின் கடுங்காரத்தன்மையே போதுமான காரணம் என்று மறுக்கலாம். அந்தச் சோதனை அயனியின் விளைவையும் காரத்தன்மையின் விளைவையும் பிரிக்கவில்லை. ஆயினும் கால்சியம் கட்டுமானப் பொருளாக மட்டுமே செயல்படுகிறது என்ற எண்ணத்தை அது முறித்தது. கால்சியத்தை உணரும் ஏற்பி 1993இல் மாட்டின் பாராதைராய்டு சுரப்பியிலிருந்து பிரித்தறியப்பட்டபின், செய்தி என்ற கருத்துக்கு மூலக்கூறு அடிப்படை கிடைத்தது. ஸ்ட்ரான்சியமும் அதே ஏற்பியைத் தொடுகிறது. கோபால்ட் வேறு வழி: ஆக்சிஜன் குறைந்துவிட்டதென்று செல்லை நம்பவைக்கிறது.

பற்கூழ்க் குருத்தணுக்களை கிராந்தோஸ் குழு 2000இல் விவரித்தபின், மரபணுத் தூண்டல் கதை அவற்றுக்கும் நீட்டப்பட்டது. இங்கே ரைலி குழுவின் 2007 ஆய்வைப் புறக்கணிக்க முடியாது. அதே 45எஸ்5 கண்ணாடியின்மேல் எலியின் மஜ்ஜைக் குருத்தணுக்களில் எலும்பாக்கத்தைக் காட்டும் நொதியான அல்கலைன் பாஸ்பேட்டேஸ் உயர்ந்தது. ஐந்து நோயாளிகளின் மனிதக் குருத்தணுக்களில் வேறுபாடில்லை. கரைந்த அயனிகளும் மூன்று மனிதர்களின் செல்களில் சீரான விளைவைத் தரவில்லை. இவை பற்கூழ்ச் செல்கள் அல்ல என்பது உண்மைதான். ஆனால் தொடையெலும்புச் செல்லிலிருந்து பல்லுக்குத் தாவியவர்கள் இத்தடையைச் சொல்வது பொருந்தாது.

அயனியைச் செய்தியாகக் கருதும் வரலாற்றின் தொடக்கத்துக்கு ஓராண்டைக் கேட்டால் 1964ஐச் சுட்டுவேன். ஏற்பி கண்டறியப்பட்ட 1993தான் என்று வாதிடுவோரை முற்றாக மறுக்க அந்த நாய்ப் பற்கள் மட்டும் போதா.