கைக்குத் தெரியாத விசை

அரியாங்குப்பம் ஆற்றில் துடுப்பால் தோணியைத் திருப்புகிறவருக்கு நீரின் எதிர்ப்பு கையிலேயே தெரிந்துவிடும். இன்னும் அழுத்தினால் துடுப்பு ஒடியும் என்று கையே எச்சரிக்கும். தொடக்கக் கால விமானங்களும் இப்படித்தான் இருந்தன. விமானியின் கைப்பிடியும் கால்மிதியும் கம்பி வடங்களால் இறக்கையிலும் வாலிலும் உள்ள மடல்களோடு இணைந்திருந்தன. காற்றின் எதிர்ப்பை அவர் நேரே உணர்ந்தார். விமானங்கள் பெரிதானபோது மனிதனின் தசை வலிமை போதவில்லை. மடல்களைத் திருப்பும் வேலையை எண்ணெய் அழுத்தப் பொறிகள் ஏற்றன. வேலை எளிதாயிற்று, எச்சரிக்கை மறைந்தது.

இதனால் தீங்கு விளையுமா என்ற கேள்வி நம் நாட்டிலேயே எழுந்தது. உலகின் முதல் பயணிகள் ஜெட் விமானமான காமெட், 1952 மே 2-இல் சேவையைத் தொடங்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 மாலை, பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் காமெட் ஒன்று கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து கிளம்பியது. ஆறு நிமிடங்களில், இடிப்புயலுக்குள் அது வானிலேயே சிதைந்து விழுந்தது. அதிலிருந்த 43 பேரும் மாண்டனர்.

இந்திய அரசு அமைத்த விசாரணை மன்றம், விமானத்தின் கட்டமைப்பு முறிந்ததே விபத்துக்குக் காரணம் என்றது. முறிவுக்குக் கடுங்காற்றின் மோதல் காரணமாகலாம். அல்லது புயலுக்குள் விமானி அளவுக்கு மீறிக் கட்டுப்பாடுகளை இயக்கியதோ, கட்டுப்பாட்டை இழந்ததோ காரணமாகலாம் என்றது. 1954-இல் மேலும் இரு காமெட்டுகள் உலோகச் சோர்வினால் வீழ்ந்தபின், கல்கத்தா விபத்திலும் அந்த ஐயம் எழுந்தது. எனினும் இவ்விசாரணையால் ஒரு நன்மை விளைந்தது: காற்றின் விசைக்கு ஏற்பக் கைப்பிடியைக் கனக்கச் செய்யும் செயற்கை உணர்வு அமைப்பு காமெட்டில் சேர்க்கப்பட்டது.

அரை நூற்றாண்டு கழித்து அதே கேள்வி மீண்டும் எழுந்தது. 2001 நவம்பர் 12-இல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ300 விமானம், முன்னே சென்ற ஜம்போ ஜெட்டின் காற்றுச் சுழலில் சிக்கியது. துணை விமானி கால்மிதிகளை மாறி மாறி முழு அளவு மிதித்தார். சில விநாடிகளில் செங்குத்து வால் பிய்ந்து விழுந்தது. விமானத்தில் 260 பேரும் தரையில் 5 பேரும் இறந்தனர்.

முழு அளவு மிதித்தால் வால் ஒடியலாமா? ஒரு பக்கம் மட்டும் மிதித்திருந்தால் ஒடிந்திராது. சுக்கான் வலப்புறம் திரும்பினால் விமானத்தின் மூக்கும் வலப்புறம் திரும்புகிறது. எதிர்க்காற்று வாலைப் பக்கவாட்டில் தாக்குகிறது. காற்றின் விசையும் சுக்கானின் விசையும் அப்போது ஒன்றையொன்று எதிர்க்கின்றன. அந்நிலையில் சுக்கானைச் சட்டென இடப்புறம் மாற்றினால் இரண்டும் ஒரே திசையில் சேர்ந்து வாலைத் தள்ளுகின்றன. ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ளுவதுபோல, ஒவ்வொரு மாற்றத்திலும் ஆட்டம் பெருகுகிறது. அன்று வாலின் மீது, வடிவமைப்பில் எதிர்பார்த்த உச்ச விசையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விசை விழுந்தது.

2004-இல் வெளியான விசாரணை முடிவு, தேவையற்ற, மிகையான மிதிப்பே காரணம் என்றது. ஆனால் பழியை விமானி மேல் மட்டும் போடவில்லை. தரையில் சுமார் 10 செ.மீ. நகரும் கால்மிதி, அன்றைய வேகத்தில் சுமார் 3 செ.மீ. நகர்ந்தாலே சுக்கான் தன் எல்லையைத் தொட்டுவிடும். அவ்வளவு எளிதில் இணங்கும் அமைப்பும், சுக்கானை மிகையாகப் பயன்படுத்தத் தூண்டிய பயிற்சியும் துணைக் காரணங்கள் என்று அது கூறியது.

குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே கட்டுப்பாடுகளை எப்படி இயக்கினாலும் விமானம் தாங்கும் என்று பல விமானிகள் நம்பியிருந்தனர். அது தவறு எனப் பயிற்சியில் வலியுறுத்தப்படலாயிற்று. சுக்கான் முழுதாக ஒரு பக்கமும் உடனே மறுபக்கமும் திருப்பப்பட்டாலும் புதிய விமானங்களின் வால் தாங்க வேண்டும் என்று 2022-இல் அமெரிக்க விதி வந்தது. பொறி மனிதனுக்கு வலிமையைத் தரும்போது, அந்த வலிமையின் அளவையும் அவனுக்கு உணர்த்த வேண்டும். இப்பாடத்திற்கு நாம் கொடுத்த விலை மிகப் பெரிது.