சுவான்சௌவில் ஒரு நரசிம்மர்

இடையஞ்சாவடியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு கிண்ணம் உண்டு. வாய் அகன்று, அடியில் சின்னக் கால் வைத்து, சாம்பலும் பச்சையும் கலந்த மெருகோடு இருக்கும். பெரியப்பா ஆரோவில் பக்கம் ஒரு மண்பாண்டப் பட்டறையில் சக்கரத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில், சூளையில் ஒரு பக்கம் கோணிப்போனது என்று ஒதுக்கியதை வீட்டுக்கு எடுத்து வந்தார். ஜப்பானியர்கள் தேநீர் குடிக்கும் கிண்ணத்தின் வடிவம் அது. அந்த மாதிரி ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறார். ஒருநாளும் அதில் டீ குடித்ததில்லை. அவருக்கு எவர்சில்வர் டம்ளர்தான். அம்மா அந்தக் கிண்ணத்தில் புளி ஊறவைப்பாள்.

இந்தக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அதற்குச் சீனாவரை போய்வர வேண்டும்.

அலுவலக வேலையாக ஷியாமென் போயிருந்தபோது ஒரு சனி, ஞாயிறு கையில் கிடைத்தது. உடன் வந்தவர்கள் கடற்கரைத் தீவுக்குக் கிளம்பினார்கள். நான் அதிவேக ரயில் பிடித்து வடக்கே சுவான்சௌ போனேன். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் சைத்தூன் என்று எழுதிய துறைமுகம் இதுதான். 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இன்றைய சீனப் பயணிகள் அங்கே வருவது கைவினைக்காக. நூல்பாவை, காகித விளக்கு, ஹுய்ஆன் கல்சிற்பம், தெஹுவா வெள்ளைப் பீங்கான், யோங்சுன் ஊதுபத்தி. போதாக்குறைக்கு, ஷுன்பு மீனவக் கிராமத்துப் பெண்கள் கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைக்கும் வழக்கம் இப்போது பிரபலமாகிவிட்டது. நகரம் முழுக்கத் தலை நிறையப் பூவோடு வெளியூர்ப் பெண்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நம்மூர்க் கல்யாண மண்டப வாசல் மாதிரி இருந்தது.

பாவைக் கடையில் நின்றேன். ஒரு பொம்மைக்குப் பதினாறு நூலுக்குக் குறையாது, முப்பதைத் தாண்டுவதும் உண்டு என்றார்கள். தலையைக் கற்பூர மரத்தில் செதுக்குகிறார்கள். ஜியாங் ஜியாசௌ (1871–1954) என்ற தலை செதுக்குபவரின் பெயரை அந்த ஊர்க் கைவினைஞர்கள் நம்மூர் வித்வான் பெயரைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். தச்சருக்கும் பேர் இருக்கிற ஊர் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

யோங்சுன் பத்தியை ஒரு கட்டு வாங்கினேன். அம்மா பன்னிரண்டு வருஷம் பத்தி உருட்டியவள். மூக்கில் வைத்ததும் சரக்கின் தரம் சொல்லுவாள். யோங்சுனில் பத்தித் தொழிலைக் கொண்டுபோனவர்கள் அரபு வழிவந்த பு குடும்பத்தார் என்பது அந்த ஊர் மரபு. 1974-இல் சுவான்சௌ அருகே ஹௌசூவில் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த 13-ஆம் நூற்றாண்டுக் கப்பலில் வாசனைக் கட்டைகளும் சாம்பிராணியும் மிளகும் இருந்தன. சரக்கு தெற்குக் கடல்களிலிருந்து போயிருக்கிறது. சரக்கோடு ஆட்களும்.

அந்த ஆட்களில் தமிழர்களும் இருந்தார்கள். 1956-இல் சுவான்சௌவில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. பெரும்பகுதி தமிழ், கடைசியில் ஒரு வரி சீனம். சகம் 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர், கானின் ஆணைப்படி, கானின் உடல்நலம் வேண்டிச் சிவனை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் சாரம். கோயிலின் பெயரைத் திருக்கானீச்சுரம் என்று வாசிக்கும் அறிஞர்கள் உண்டு. கானின் பெயரில் ஈச்சுரம். ராஜராஜன் பெயரில் ராஜராஜேச்சுரம் எழுப்பிய ஆட்கள்தானே, குப்ளாய் கானுக்கும் அதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள். பக்தியும் வியாபாரமும் இதில் எது எவ்வளவு என்று பிரிக்க எனக்கு ஆசையில்லை. துறைமுகம் சுங் அரசின் கையிலிருந்து மங்கோலியர் கைக்கு மாறி ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. புது அதிகாரியிடம் நல்ல பேர் எடுக்க யாருக்குத்தான் தோன்றாது?

அந்தக் கோயில் இப்போது இல்லை. 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் (1357–66) நகரத்தில் பெரிய கலவரம். அது அடங்கியபோது வெளிநாட்டவர் குடியிருப்புகள் சிதைந்துபோயின. கற்கள் மட்டும் எங்கும் போகவில்லை. மதில்சுவருக்கும் வீட்டு வாசலுக்கும் பயன்பட்டன. பிறகு 20-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது அவை வெளியே வந்தன. வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர், பாடம் என்னவோ உயிரியல்தான், இந்தக் கற்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். சிலுவை, அரபு எழுத்து, லிங்கம் எல்லாம் அவர் வீட்டு முற்றத்தில் கிடந்தன. 1957-இல் அவற்றைப் புத்தகமாக்கினார். இந்தக் கட்டுரையில் எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர் அவர்தான். லிங்கத்துக்குப் பூச்சொரியும் யானை என்றால் நமக்குத் திருவானைக்கா ஞாபகம் வரும். அவருக்கு ஒரு ஞாபகமும் வந்திருக்காது. இருந்தும் தூக்கி வந்திருக்கிறார்.

இதை எழுதும்போது நாகப்பட்டினம் இடிக்கிறது. அங்கே சீனக் கோபுரம் என்று மக்கள் அழைத்த ஒரு செங்கல் கோபுரம் 19-ஆம் நூற்றாண்டுவரை நின்றது. 1867-இல் அதை இடித்தார்கள். நமக்கு ஒரு வூ வென்லியாங் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை கையுவான் கோயிலுக்குப் போனேன். 686-இல் தொடங்கிய பௌத்தக் கோயில். பெரிய மண்டபத்தின் முன்னால் கும்பல். பின்பக்கம் யாருமில்லை. அங்கேதான் இரண்டு தூண்கள், பதினாறு பட்டை வைத்தவை. மிங் காலத்தில் மண்டபத்தைத் திரும்பக் கட்டியபோது, உடைந்துபோன நம் கோயிலிலிருந்து எடுத்துச் செருகியவை. வட்டத்துக்குள் வட்டமாகச் சிற்பங்கள். முதலை பிடித்த யானை. மரங்களுக்கு இடையில் கிருஷ்ணன். மடியில் இரணியனைப் போட்டுக் கிழிக்கும் நரசிம்மர். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. ஆனால் ஏழு நாளாகத் தமிழ் காதில் விழாத ஒருவன் அங்கே போய் நின்றால் என்ன ஆவானோ அது எனக்கும் ஆனது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேறொன்று உறைத்தது. முகங்களில் ஏதோ ஒட்டவில்லை. சுற்றியிருக்கும் பூவேலை சீனத்துப் பூவேலை. கல்லும் உள்ளூர்க் கல். இந்தச் சிற்பங்களை ஆராய்ந்தவர்களில் பலர், செதுக்கியவர்கள் சுவான்சௌ கல்தச்சர்களே என்கிறார்கள். தமிழ் வணிகர்கள் வரைபடமோ மாதிரியோ கொடுத்து, பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டும். கப்பலில் ஸ்தபதியே வந்து கூட இருந்தும் வழிநடத்தியிருக்கலாம். உளி பிடித்த கை என்னவோ அந்த ஊர்க் கை.

அந்தத் தச்சனை யோசித்துப் பாருங்கள். பாதி சிங்கம், பாதி மனிதன், மடியில் குடல் சரிந்த ஒருவன். இது யார், ஏன் கோபம், ஏன் வாசல்படி? மொழிபெயர்ப்பாளன் எத்தனை கதையைச் சொல்லியிருப்பான்? கலிபோர்னியாவில் யாரோ எழுதிய ஸ்பெக்கை வைத்துக்கொண்டு, நான் பார்த்தேயிராத ஒரு கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதிய என் முதல் வேலை ஞாபகம் வந்தது. பிறகு அதைவிடச் சரியாகப் பொருந்தியது பெரியப்பாவின் கிண்ணம்.

1971-இல் புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பட்டறையைத் தொடங்கினார்கள். அதிக வெப்பத்தில் சுட்டு மெருகேற்றும் பாண்டம் இந்தப் பக்கம் வேர்பிடித்தது அதிலிருந்துதான். அங்கே பழகியவர்களும் அவர்களிடம் பழகியவர்களுமாகப் பட்டறைகள் பெருகின. சுற்றுவட்டாரக் கிராமங்களில் சக்கரத்துக்கு ஆள் எடுத்தார்கள். எங்கள் தாத்தா மரக்காணம் உப்பளத்தில் பாத்தி வாரியவர். அவர் பிள்ளை, தான் குடிக்காத தேநீருக்குக் கிண்ணம் செய்தார். கல்லூரியில் இதைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம். பெரியப்பா என்ன பண்றார் என்று கேட்டால் ‘ஆரோவில்ல வேலை’ என்று முடித்துக்கொள்வேன். கலை அவர்களுடையது, கூலி எங்களுடையது என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊரிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய அரிக்கமேட்டில், ரோமானியச் சாடிகளோடு இடைக்காலச் சீனப் பச்சைப் பீங்கான் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. அந்தப் பச்சைக்குப் பக்கத்தில்தான் எங்கள் புளிக்கிண்ணத்தின் நிறமும் இருக்கிறது என்பதைத் தூண் முன்னால் நின்றபோதுதான் யோசித்தேன்.

ஊருக்கு வந்ததும் அம்மா பத்திக்கட்டைப் பிரித்து முகர்ந்தாள். “மூலிகை வாசனை. கரி கம்மி” என்றாள். பெரியப்பாவிடம் போனைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, நரசிம்மரைப் பெரிதாக்கி, நகர்த்தி, திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தார். நான் குப்ளாய் கான் கதையெல்லாம் சொன்னேன். காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை.

“பூவ செதுக்கும்போது கை தானா ஓடியிருக்குது பாரு. சாமிகிட்ட வந்தவொடனே நின்னு நின்னு போயிருக்கான்” என்றார். “தெரியாத உருப்படி. ஆனா கெடுக்கல.”

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு போனைத் திருப்பித் தந்தார்.

“இன்னா கூலி குடுத்தாங்களாம்?”

“அது கல்வெட்டுல இல்ல பெரியப்பா.”

“அத்த எவன் எழுதுவான்” என்று எழுந்து கைகழுவப் போனார்.