உழவு நின்ற நிலத்தின் பாக்டீரியா

விளைநிலத்தை உழாமல் விட்டால் களை, புல், புதர், மரம் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். மேல்மண்ணின் பாக்டீரியாக் கூட்டமும் கூடவே மாறும். ஆனால் பச்சை படரும் வேகத்தில் அது மாறுவதில்லை. எந்தத் திசையில் மாறும் என்பதிலும், இன்று வளரும் மரத்துக்கு உள்ள பங்கு அந்த மண்ணில் முன்பு கொட்டிய சுண்ணாம்புக்கும் உண்டு.

இதற்கு இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ரோதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அங்கே 1843 முதல் கோதுமை விளையும் பிராட்பாக் வயலின் ஒரு பகுதியை 1882இல் அறுவடை செய்யாமல் வேலியடைத்து விட்டார்கள். மணி தானே உதிர்ந்து தானே முளைத்தது. நான்கே ஆண்டுகளில் களைகளுக்கு நடுவே கூனிக்குறுகிய சில கோதுமைச் செடிகள்தான் மிச்சம். 1886இல் அதே பண்ணையின் கீஸ்கிராஃப்ட் வயலும் விடப்பட்டது. இரண்டிலும் இன்று காடு வளர்ந்திருக்கிறது.

மண் மட்டும் ஒன்றல்ல. பிராட்பாக்கில் பழைய காலத்து உழவர்கள் சுண்ணக்கல்லை நிறையக் கொட்டியிருந்ததால் மண் இன்னும் லேசான காரத்தோடு இருக்கிறது. கீஸ்கிராஃப்டில் அந்த இருப்பு இல்லை. நூறாண்டில் அதன் பிஎச் (அமில-கார அளவு) 7ஐ ஒட்டிய நிலையிலிருந்து 4ஐ நெருங்கி இறங்கியது. பாக்டீரியாவைப் பொறுத்தவரை இது பெரிய பிளவு. அமில மண்ணில் பாக்டீரியா வகைகள் குறையும், அசிடோபாக்டீரியாவின் சில பிரிவுகள் ஓங்கும், பூஞ்சையின் கை உயரும். காற்றிலுள்ள மீத்தேனை உண்ணும் பாக்டீரியா, பிராட்பாக் காட்டு மண்ணில் பக்கத்து உழவு மண்ணைவிடச் சுறுசுறுப்பாக வேலை செய்தது. கீஸ்கிராஃப்ட் மண்ணில் அந்த வேலையே தென்படவில்லை.

மற்றபடி மாற்றத்தின் காரணங்கள் எளியவை. கலப்பை படாததால் மண்கட்டிகள் உடைவதில்லை, பூஞ்சை இழைகள் அறுவதில்லை. வேரும் சருகும் கரிமத்தைச் சேர்க்கின்றன. உரம் நின்றதும், அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவுக்கு இரை சுருங்குகிறது. கிடைத்ததை வேகமாகத் தின்று பெருகும் இனங்கள் பின்வாங்க, குறைந்த உணவில் மெல்ல வளரும் இனங்கள் இடம் பிடிக்கின்றன.

மெல்ல என்றால் உண்மையிலேயே மெல்ல. அமெரிக்காவின் மிச்சிகனில் கெல்லாக் உயிரியல் நிலையத்தில், உழவு நின்று பத்தாண்டு ஆகாத நிலங்களை ஆராய்ந்தார்கள். மேலே செடிகொடி முற்றிலும் மாறியிருந்தும், மண்ணின் நுண்ணுயிர்க் கூட்டம் பயிரிடும் நிலத்தையே ஒத்திருந்தது. ஒருபோதும் உழாத நிலத்தின் கூட்டம் வேறாக இருந்தது.

அப்படி உழாத மண்ணைத் தேடுவதும் சுலபமல்ல. அமெரிக்காவின் உயர்புல் வெளி பெரும்பாலும் விளைநிலமாகிவிட்டது. கலப்பை தொடாமல் எஞ்சிய இடங்களில் சில காப்பிடங்களும் பழைய கல்லறைத் தோட்டங்களும் அடங்கும். அங்கிருந்து எடுத்த மண்ணின் டிஎன்ஏவை ஆராய்ந்த குழு 2013இல் முடிவுகளை வெளியிட்டது. அந்த மண்ணில் வெருகோமைக்ரோபியா என்ற பாக்டீரியாப் பிரிவு மற்றவற்றை விஞ்சி நின்றது. ஆய்வகத் தட்டில் வளர்க்க எளிதில் இசையாத இனங்கள் என்பதால், அதுவரை அவற்றை அதிகம் ஆராய்ந்திருக்கவில்லை.