தணலும் கைத்திறனும்

இருப்புப்பாதை ஊர்திக்குத் தமிழர் இட்ட பெயர் புகைவண்டி. 1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாளன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் வண்டி ஓடியபோது, பார்த்தவர் கண்ணை முதலில் கவர்ந்தது அதன் தலைமேல் எழுந்த புகையே போலும். இன்று மின்சாரம் இழுக்கும் வண்டியில் புகை இல்லை. ஆயினும் 'புகைவண்டி நிலையம்' என்னும் வழக்கு நம் மொழியில் நிலைத்திருக்கிறது. பொருள் மறைந்த பின்னும் சொல் நிற்பது மொழியின் இயல்பு. தொழில்திறன் அவ்வாறு நிற்பதில்லை. ஒரு தலைமுறை கையை மடக்கினால் அடுத்த தலைமுறைக்கு அது இல்லை. நீராவி எஞ்சின்களைப் பேணுவது பற்றி எழுதப் புகுந்த நாம் இந்த வேறுபாட்டையே முதன்மையாகக் கொள்கிறோம்.

எழுச்சியும் ஓய்வும்

நம் நாட்டில் எஞ்சியுள்ள பழைய நீராவி எஞ்சின்களுள் புகழ் மிக்கது 'ஃபேரி குவீன்'. 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கட்டப்பட்டுக் கிழக்கிந்திய இரயில்வேக்காகக் கல்கத்தா வந்தது. ஹௌராவுக்கும் ராணிகஞ்சுக்கும் இடையே தபால் வண்டிகளை இழுத்தது. 1857 எழுச்சியின்போது படைவீரரை ஏற்றிச் சென்ற வண்டிகளையும் இழுத்தது. 1909-இல் ஓய்வு பெற்றது. பல்லாண்டுகள் காட்சிப் பொருளாக நின்றபின், 1997-இல் மீண்டும் தணல் ஏற்றப்பட்டு டெல்லியிலிருந்து ஆல்வாருக்கு ஓடியது. முறையாக ஓடும் நீராவி எஞ்சின்களுள் உலகிலேயே பழமையானது என்று 1998-இல் கின்னஸ் நூல் அதனைப் பதிவு செய்தது.

விடுதலை பெற்ற இந்தியாவின் விரைவு வண்டிகளுக்கு முகமாக விளங்கியவை டபிள்யூ.பி. வகை எஞ்சின்கள். கூம்பிய மூக்கும் அதில் தீட்டிய நட்சத்திரமும் கொண்ட இவற்றுள் முதல் 16 எஞ்சின்கள் 1947-இல் அமெரிக்காவின் பால்டுவின் தொழிற்சாலையிலிருந்து வந்தன. பின்னர் நாமே கட்டத் தொடங்கினோம். மேற்கு வங்கத்துச் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1950-இல் முதல் எஞ்சின் வெளிவந்தது. 1972-இல் இறுதி நீராவி எஞ்சின் வெளிவரும் வரை அங்கே உருவானவை 2351. உலகின் முன்னேறிய நாடுகள் நீராவியைக் கைவிட்ட காலத்தில் நாம் அதைச் செய்யக் கற்று, செய்து, நிறைவு செய்தோம். 1995 டிசம்பர் 6-ஆம் நாள் பஞ்சாபில் ஜலந்தருக்கும் ஃபிரோஸ்பூருக்கும் இடையே அகலப்பாதையின் இறுதி நீராவி வண்டி ஓடி நின்றது.

அந்த ஓய்வு நியாயமானதே. நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட நீராவி எஞ்சினில் இழுவிசையாக மாறுவதில்லை. மீதி புகைபோக்கி வழியே வானுக்குப் போகிறது. ஒரு பயணத்தில் டன் கணக்கில் கரியை வாரிப் போட்ட தொழிலாளி முன்னே அனலையும் பின்னே குளிர்காற்றையும் ஒருசேரத் தாங்கினான். தூசியை மூச்சாக இழுத்தான். பழமையைப் போற்றுவோர் இதனை மறைத்துப் பேசுதல் தகாது. நீராவி ஆட்சி மீண்டும் வர வேண்டும் என்பதன்று நம் கருத்து.

தொண்டர்கள் காத்த பாதை

ஓய்வு பெற்ற எஞ்சினை என்ன செய்வது என்ற வினாவிற்குப் பிரிட்டனின் பொதுமக்கள் ஒரு விடை கண்டனர். வேல்ஸ் நாட்டில் கற்பலகை ஏற்றிச் சென்ற தாலித்லின் என்னும் குறுகிய பாதை மூடப்படவிருந்தபோது, 1950-இல் ஆர்வலர் சிலர் கூடிச் சங்கம் அமைத்தனர். 1951 முதல் ஊதியம் பெறாத தொண்டர்களைக் கொண்டு அதனை நடத்தினர். உலகில் இவ்வகையில் காக்கப்பட்ட முதல் பாதை அதுவே. 1968-இல் பிரிட்டிஷ் இரயில்வே முதன்மைப் பாதைகளில் நீராவியைக் கைவிட்டபின், வேல்ஸின் பாரி நகரில் உடைப்பதற்காகக் குவித்திருந்த எஞ்சின்களுள் 213 எஞ்சின்களை மக்கள் பணம் திரட்டி மீட்டனர்.

இன்று அந்நாட்டின் பல பாதைகளில் ஆண்டின் சில வார இறுதிகளில் திருவிழாவே நடக்கிறது. உள்ளூர் எஞ்சின்களோடு பிற பாதைகளிலிருந்து விருந்தாக வந்த எஞ்சின்களும் ஓடுகின்றன. இரண்டு எஞ்சின்கள் சேர்ந்து ஒரு வண்டியை இழுக்கின்றன. பழைய சரக்கு வண்டிகளும் அணிவகுக்கின்றன. கூடுவோர் கண்டு களிக்கிறார்கள் என்பது ஒரு பயன். அவ்விரு நாள்களுக்காக ஆண்டு முழுவதும் இளைஞர் பலர் முதியவரிடம் தொழில் கற்கிறார்கள் என்பது அதனினும் பெரிய பயன்.

ரேவாரியில் இரு நாள்கள்

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய காட்சியைக் காண விரும்புவோர் டெல்லிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் உள்ள ரேவாரிக்குச் செல்லலாம். 1893-இல் மீட்டர் பாதைக்காகக் கட்டப்பட்ட எஞ்சின் கொட்டகை அங்கே உள்ளது. நீராவி ஓய்ந்தபின் பாழாகக் கிடந்த அதனை இரயில்வே நிருவாகம் 2002-இல் புதுப்பித்து, 2010-இல் சுற்றுலாத் தலமாகத் திறந்தது. 1947-இல் வந்த டபிள்யூ.பி. எஞ்சின்களுள் முதல் எண் தாங்கிய 7200 'ஆசாத்' என்ற பெயருடன் இங்கு உள்ளது. 1965-இல் சித்தரஞ்சனில் பிறந்த 7161-இன் பெயர் 'அக்பர்'.

ஒரு குளிர்காலத்துச் சனி, ஞாயிறு இரு நாள்களும் நண்பர் நால்வர் அங்குச் சென்றிருந்தோம். எம்முள் ஒருவரின் தந்தையார் விழுப்புரம் கொட்டகையில் ஃபயர்மேனாக இருந்தவர். அதனால் நாங்கள் வெறும் வேடிக்கை பார்ப்போராக நிற்கவில்லை. பணியாளர்களும் எங்களை அன்புடன் அருகே நிற்க விட்டனர்.

மறுநாள் ஓட வேண்டிய எஞ்சினுக்குச் சனிக்கிழமையன்றே தீ மூட்டினர். குளிர்ந்த கொதிகலனை விரைந்து சூடேற்றலாகாது. இரும்பின் ஒரு பகுதி விரிய மற்றொரு பகுதி விரியாமல் நின்றால் குழாய்கள் கசியும், ஆணிகள் அறும். ஆகவே முதலில் விறகு, பிறகு சிறிது சிறிதாகக் கரி என இரவெல்லாம் ஒருவர் உடனிருந்து தணல் காத்தார். ஞாயிறு காலையில் அளவுமானியின் முள் மெல்ல ஏறியது. டபிள்யூ.பி. எஞ்சினின் முழு அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. அந்த அளவை எட்டியதும் காப்புத் திறப்பு பீறிட்டது. சுற்றி நின்ற குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தனர்.

எனினும், எம் நெஞ்சில் பதிந்தது அந்த முழக்கம் அன்று; அதற்கு முந்தைய நாள் கேட்ட ஒரு சிறிய தட்டொலி. பக்கத்தில் பழுது பார்ப்பதற்காக நின்ற வேறோர் எஞ்சினின் நெருப்புப் பெட்டிக்குள் இளைஞர் ஒருவர் சுத்தியலோடு நுழைந்தார். அப்பெட்டியின் உட்சுவரையும் வெளிச்சுவரையும் நூற்றுக்கணக்கான சிறு தாங்கு ஆணிகள் பிணைத்துள்ளன. அவற்றுள் எது உள்ளுக்குள் அறுந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. இளைஞர் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். வெளியே நாற்காலியில் ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் கண்ணை மூடி அமர்ந்திருந்தார். எங்களுக்கு எல்லா ஒலியும் ஒரே ஒலி. திடீரென முதியவர் கையை உயர்த்தி, "நில். அதை மறுபடியும் தட்டு" என்றார். இளைஞர் தட்டினார். "சுண்ணக் குறி போடு" என்றார் முதியவர்.

எப்படி அறிந்தீர்கள் என்று வினவினோம். "முழு ஆணி பேசும், அறுந்தது முணுமுணுக்கும்" என்றார். எத்தனை ஆண்டுகளில் இது வரும் என்று கேட்டோம். தமக்கு ஏழு ஆண்டுகள் ஆயின என்றும், இந்தப் பையனுக்குக் காது நல்லது, நான்கில் வந்துவிடும் என்றும் சொல்லிவிட்டு, "அதற்குள் நான் இருக்க வேண்டும்" என்று முடித்தார். விழுப்புரத்து ஃபயர்மேனின் மகனாகிய நம் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. திரும்பும் வழியில், "அப்பாவின் கரண்டியை வீட்டில் வைத்திருக்கிறோம். எப்படி வீசினார் என்று ஒருநாளும் கேட்டதில்லை" என்றார்.

இரண்டு பணிமனைகள் தரும் பாடம்

முதியவர் சொன்னது ஒரு கொட்டகையின் கவலை மட்டுமன்று. நீராவி எஞ்சினை உலகுக்கு அளித்த இங்கிலாந்திலேயே அதற்குச் சான்று உண்டு. அங்கே ஏ-1 என்னும் வகையில் இருந்த 49 எஞ்சின்களும் உடைக்கப்பட்டுவிட்டன. ஒன்றையாவது புதிதாகக் கட்டுவோம் என்று ஆர்வலர்கள் 1990-இல் முனைந்து, பதினெட்டு ஆண்டுகள் உழைத்து, 2008-இல் 'டொர்னேடோ' என்னும் எஞ்சினை ஓடச் செய்தனர். அதன் கொதிகலனோ செருமனியின் மைனிங்கன் பணிமனையில் கட்டப்பட்டது. நீராவிப் பணியை இடைவிடாது செய்துவந்த பணிமனை அது.

மற்றொரு சான்று நம் தமிழகத்தில் உள்ளது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் திறக்கப்பட்டு, 1908-இல் உதகமண்டலம் வரை நீண்ட நீலகிரி மலைப்பாதை 2005-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. தண்டவாளங்களின் நடுவே பற்சட்டத்தைப் பற்றி மலை ஏறும் அதன் எஞ்சின்கள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. அவை மூப்படைந்தபோது, திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனை 2011 முதல் 2014 வரை எண்ணெயால் எரியும் நான்கு புதிய எஞ்சின்களைக் கட்டித் தந்தது. பின்னர் நிலக்கரியால் ஓடும் எஞ்சினையும் கட்டியது. சென்னைப் பெரம்பூர்ப் பணிமனையும் இவ்வாறே. பாகங்கள் களவு போய் முடங்கிய ஃபேரி குவீனை அங்கேதான் செப்பனிட்டார்கள். 2017-இல் அது மீண்டும் டெல்லி கண்டோன்மென்டிலிருந்து ரேவாரிக்கு ஓடியது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருந்து இத்திறன் வரவில்லை. மலைப்பாதையில் நாள்தோறும் வண்டி ஓடியதால் பொன்மலையில் கை பழகியிருந்தது.

செய்யத் தக்கவை

இங்கே ஒரு சிறு கணக்கைக் கருத வேண்டும். 1985-இல் இருபது வயதில் ஃபயர்மேனாகச் சேர்ந்தவர் 2025-இல் அறுபதை எட்டிவிட்டார். நீராவியை நாள்தோறும் இயக்கிப் பழகிய தலைமுறை அகலப்பாதையில் பணியிலிருந்து விடைபெற்றுவிட்டது. அவர்களிடம் கற்கக்கூடிய காலம் இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகளே.

ஆகவே, எஞ்சினுக்கு வண்ணம் பூசி நிலைய வாயிலில் நிறுத்துவதோடு நாம் மனநிறைவு கொள்ளலாகாது. ஓடும் நிலையிலுள்ள எஞ்சின்களைக் குறித்த நாள்களில் தவறாது ஓட்ட வேண்டும். ஓட்டம் இருந்தால்தான் பழுது வரும். பழுது வந்தால்தான் கற்பிக்க வாய்க்கும். ஓய்வு பெற்ற கொதிகலன் தொழிலாளர்களை மதிப்பூதியம் தந்து அழைத்து, ஒவ்வொருவரிடமும் இரு இளைஞரையாவது பயிற்சிக்கு விட வேண்டும். அவர்கள் சொல்வதை அவரவர் தாய்மொழியிலேயே, ஒலியோடு பதிவு செய்ய வேண்டும். விழுப்புரத்திலும் ஈரோட்டிலும் பொன்மலையிலும் பணியாற்றியவர்கள் தமிழில் வழங்கிய தொழிற்சொற்கள் எத்தனையோ எந்த அகராதியிலும் ஏறாதவை. தமிழ்ச் சங்கங்கள் இப்பணியில் ஈடுபடலாம். உறுப்பினர் குடும்பங்களில் இத்தகைய பெரியவர் எவரேனும் இருப்பின் இவ்வாண்டே அவரை அணுகி உட்கார வைத்துக் கேட்கலாம். நம் நண்பர் தம் தந்தையாரோடு பணியாற்றிய ஒருவரைத் தேடி விழுப்புரத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.