ஆளுநரின் ஆணைப்படி...

போன மாசம் ஊருக்குப் போனப்ப மாமா ஒரு பட்டா மாறுதல் உத்தரவை எடுத்து நீட்டினார். "தாசில்தாருக்குத்தான் எழுதிக் கொடுத்தேன். கீழ பாரு, துணை தாசில்தார் கையெழுத்துதான் இருக்கு. நாளைக்கு கோர்ட்டுல இது செல்லுமா மாப்ளே?"

கனகம்மாசத்திரத்துல நிலம் வச்சிருக்கறவருக்கு இந்த சந்தேகம் வராம இருந்தாத்தான் ஆச்சரியம். 1960 மார்ச் வரைக்கும் திருத்தணிப் பக்கம் ஆந்திராவுல, சித்தூர் கலெக்டருக்குக் கீழ. ஏப்ரல் 1லேர்ந்து சென்னை மாநிலம், செங்கல்பட்டு ஜில்லா. 1997லேர்ந்து திருவள்ளூர். ஒரே நிலம்தான், மேல கையெழுத்து போடறவர் மட்டும் மாறிக்கிட்டே இருந்திருக்கார்.

அன்னிக்கு மாமாகிட்ட ஏதோ சமாளிச்சுட்டு வந்துட்டேன். அப்புறம் தேடிப் படிச்சா, இதே கேள்வியை பஸ் முதலாளிகள் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் கொண்டு போயிருக்காங்க! சஞ்சீவி நாயுடு எதிர் சென்னை மாநிலம், 1970.

கதை இதுதான். 1960களின் இறுதியில் தனியார் ஓட்டிக்கொண்டிருந்த பஸ் தடங்களை அரசே எடுத்து நடத்த முடிவானது. அன்றைய மோட்டார் வாகனச் சட்டத்தின் (1939) 68சி பிரிவுப்படி, 'பொதுநலனுக்கு இது தேவை' என்று முதலில் ஒரு கருத்துக்கு வரவேண்டும். பஸ்களை நடத்தியது அரசாங்கமே என்பதால், கருத்துக்கு வரவேண்டியதும் அரசாங்கம்தான். ஆனால் அந்தக் கருத்துக்கு வந்தவர் மந்திரி இல்லை. தொழில், தொழிலாளர், வீட்டுவசதித் துறையின் செயலாளர்!

"சட்டம் அரசாங்கத்தை யோசிக்கச் சொன்னா செயலாளர் யோசிச்சிருக்காரே, இது எப்படி செல்லும்?" என்றார்கள் பஸ் முதலாளிகள். நியாயமான கேள்விதானே? ஒருத்தருக்குக் கொடுத்த அதிகாரத்தை அவர் இஷ்டத்துக்கு இன்னொருத்தருக்குக் கைமாத்தக் கூடாது என்பது சட்டத்தில் பழைய விதி.

அரசின் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. அரசியலமைப்பின் 166வது பிரிவுப்படி, மாநில அரசின் நிர்வாக ஆணைகள் எல்லாம் ஆளுநர் பெயரில்தான் வெளிவரும். யார் எந்த வேலையைப் பார்ப்பது என்பதற்கு ஆளுநர் அலுவல் விதிகள் போடலாம். அப்படிப் போட்ட 23-ஏ விதியின் கீழ்தான் இந்த வேலை செயலாளருக்குப் போயிருந்தது.

சுப்ரீம் கோர்ட் இதை ஏற்றுக்கொண்டது. தினமும் எடுக்கவேண்டிய முடிவு அத்தனையையும் மந்திரிசபையே உட்கார்ந்து பார்க்க முடியாது. கொள்கையை மந்திரிகள் வகுப்பார்கள், அன்றாட முடிவுகளை அதிகாரிகள் எடுப்பார்கள். அந்த அதிகாரி அரசிடமிருந்து அதிகாரத்தைக் கடன் வாங்கியவர் அல்ல, அவர் அரசின் ஓர் அங்கம். கை செய்தால் ஆள் செய்ததாகத்தானே அர்த்தம்? பஸ் முதலாளிகள் தோற்றார்கள்.

இந்த யோசனை இங்கிலாந்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் கார்ல்டோனா என்ற உணவுக் கம்பெனியின் தொழிற்சாலையை அரசு எடுத்துக்கொண்டது. சட்டப்படி அதிகாரம் 'கமிஷனர்கள்' குழுவுக்கு, கையெழுத்து ஓர் அதிகாரியுடையது. அந்தக் குழு ஒருநாள்கூட கூடியதில்லையாம் :-) ஆனாலும் 1943இல் கோர்ட் 'செல்லும்' என்றது.

அப்ப எந்த அதிகாரி கையெழுத்து போட்டாலும் செல்லுமா? அதுதான் இல்லை. 1947இல் அந்தேரியில் சினிமா தியேட்டர் கட்ட ஒருவருக்கு பம்பாய் போலீஸ் கமிஷனர் அனுமதி கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரே, 'அரசு உத்தரவுப்படி ரத்து செய்கிறேன்' என்று கடிதம் அனுப்பினார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது (கோர்தன்தாஸ் பாஞ்சி, 1951). விதி அந்த அதிகாரத்தைக் கொடுத்தது கமிஷனருக்கு, அரசுக்கு அல்ல. மேலே இருப்பவர் சொன்னாலும் அவர் தன் புத்தியால்தான் முடிவு எடுத்திருக்கணும். ரத்து செல்லாது என்றார் நீதிபதி விவியன் போஸ். 'நானேதான் யோசிச்சேன்' என்று பிற்பாடு சொன்ன விளக்கமும் எடுபடவில்லை.

நம்ம பாஷையில சொன்னா, செயலாளர் அரசாங்கத்தோட லாகின்லயே வேலை பார்க்கறவர். கமிஷனருக்கு தனி லாகின். அதோட பாஸ்வேர்டை மேலதிகாரியே கேட்டாலும் தரக்கூடாது!

மாமாவுக்கு போன் போட்டேன். "சட்டமோ, சட்டப்படி போட்ட ஆணையோ துணை தாசில்தாருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தா கவலையே வேணாம் மாமா. தாசில்தார் வாய்வார்த்தையா 'நீயே போட்டுடுப்பா'ன்னு சொல்லியிருந்தாத்தான் சிக்கல். உத்தரவுல மேல 'பார்வை'ன்னு போட்டு என்னென்ன ஆணை எழுதியிருக்குன்னு படிங்க."

எல்லாத்தையும் கேட்டுட்டு மாமா சொன்னார்: "அது சரி மாப்ளே. தப்பா போட்டிருந்தா யாரைப் போய்க் கேக்கறது?"

1970 தீர்ப்பு அதுக்கும் பதில் வச்சிருக்கு. அதிகாரி எடுத்த முடிவுக்கும் சட்டசபையில் பதில் சொல்லவேண்டியவர் மந்திரிதான். கையெழுத்து கீழே இறங்கலாம், பொறுப்பு மேலேயேதான் நிற்கணும். காகிதத்துல இது ரொம்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா மாமாவுக்கு சட்டசபை ரொம்ப தூரம். தாலுகா ஆபீஸ் ஜன்னல்தான் பக்கம். அதனால அந்த 'பார்வை' வரிகளை விடாதீங்க மக்களே. உங்க வீட்டுப் பட்டாவுல கீழ கையெழுத்து யாருது? எடுத்துப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.