புறாப் பந்தயம்

புறாப் பந்தயம் என்பது கூடு திரும்பும் இயல்புடைய ஹோமர் புறாக்களைத் தொலைவிலுள்ள ஓரிடத்தில் ஒன்றாகப் பறக்கவிட்டு, அவை தத்தம் கூட்டை அடையும் வேகத்தைக் கொண்டு வெற்றியைத் தீர்மானிக்கும் போட்டியாகும். இதன் தற்கால வடிவம் 19 ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் வளர்ச்சி பெற்றது.

வளர்ப்பு

குஞ்சு பொரித்த ஏறத்தாழ ஒரு வாரத்தில் அதன் காலில் எண் பொறித்த வளையம் இடப்படுகிறது. கால் வளர்ந்தபின் இதனைக் கழற்ற இயலாது. பின்னர் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பயிற்சி அளிக்கப்படுகிறது. கதிரவனின் நிலை, புவியின் காந்தப்புலம், மணம், நில அடையாளங்கள் ஆகியவற்றைக் கொண்டு புறாக்கள் வழியறிவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

வேகக் கணக்கீடு

தொடங்கும் இடம் ஒன்றாயினும் முடியும் இடம் ஒவ்வொரு கூட்டுக்கும் வேறு. எனவே முதலில் வந்தடையும் புறாவே வெல்லும் என்பதில்லை. தொலைவை நேரத்தால் வகுத்து வேகம் கணிக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, 90 கி.மீ. தொலைவை 75 நிமிடங்களில் கடந்த புறாவின் வேகம் நிமிடத்துக்கு 1200 மீட்டர். 100 கி.மீ. தொலைவை 80 நிமிடங்களில் கடந்த புறாவின் வேகம் 1250 மீட்டர். 5 நிமிடம் பிந்தினாலும் இரண்டாவது புறாவே வெல்லும்.

முற்காலத்தில் காலிலிருந்த இரப்பர் வளையத்தைக் கழற்றிப் பந்தயக் கடிகாரத்தில் இட்டு நேரம் பதிந்தனர். தற்போது மின்னணு வளையங்களும் பயன்படுகின்றன. கூரையில் அமர்ந்து உள்ளே வர மறுக்கும் புறா, பறந்து ஈட்டிய நேரத்தை இழந்துவிடும்.

இழப்புகள்

வல்லூறுகள், மின்கம்பிகள், மோசமான வானிலை ஆகியவற்றால் பல புறாக்கள் திரும்புவதில்லை. 1997 இல் பிரான்சின் நாந்து நகரிலிருந்து இங்கிலாந்து நோக்கி ஏறத்தாழ 60,000 புறாக்கள் விடப்பட்டன. அவற்றில் பல்லாயிரம் கூடு திரும்பவில்லை. கான்கார்டு வானூர்தியின் அதிர்வலை அவற்றின் வழியறியும் திறனைக் குலைத்திருக்கலாம் என்பது ஒரு கருதுகோள்.